35 இஞ்ச் டயருக்கு ஸ்னோ செயின்: வாங்கும் முன் இடத்தை அளந்து பாருங்கள்

நவம்பர் பிறந்தால் போதும், சாக்ரமென்டோ பக்கத்து நண்பர்களிடமிருந்து எனக்கு ஒரே கேள்வி வரத் தொடங்கிவிடும். "அண்ணா, ஜீப்புக்கு 35 போட்டுட்டேன். எந்த செயின் வாங்கலாம்?" என் பதிலும் எப்போதும் ஒன்றுதான். செயினை அப்புறம் பார்ப்போம்; முதலில் டயருக்கும் வண்டிக்கும் நடுவே எவ்வளவு இடம் மிச்சம் இருக்கிறது என்று அளந்து சொல்லுங்கள்.

பெரிய டயருக்கு ஏற்ற செயின் கடையில் கிடைக்கும். லாரிக்கு விற்பவர்களே 35-க்கும் 37-க்கும் விற்கிறார்கள். இடம்தான் கடையில் கிடைக்காது. கம்பெனி கொடுத்த டயரைச் சுற்றி இருந்த காலியிடத்தை நீங்கள் போட்ட பெரிய டயர் ஏற்கெனவே தின்றுவிட்டது. மிச்சமிருக்கும் சந்தில் இரும்புச் சங்கிலி ஒன்று நிமிடத்துக்குச் சில நூறு முறை சுற்றப்போகிறது. அந்தச் சந்துக்குள்தான் பிரேக் ஹோஸ் போகிறது, ஏபிஎஸ் ஒயர் போகிறது, ஷாக் நிற்கிறது. செயின் உரசி பிரேக் ஹோஸ் அறுந்தால், அது பனி மூடிய இறக்கத்தில் அறுந்ததாகத்தான் இருக்கும். அதனால்தான் இதில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறேன்.

நான் சொல்வதெல்லாம் சியரா நெவாடா மலைக்கு, அதிலும் ஐ-80, ஹைவே 50 வழியாக டாஹோ ஏரிப் பக்கம் போய்வரும் ஜீப் ரேங்ளர், டொயோட்டா டகோமா மாதிரி வண்டிகளுக்கு. கொலராடோவிலோ வாஷிங்டனிலோ இருப்பவர்களுக்கும் வேலை இதேதான். சட்டத்தை மட்டும் அந்தந்த மாநிலத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஃபோர் வீல் இருக்கிறதே, செயின் எதற்கு?

நான்கு சக்கரமும் இழுப்பதால் வண்டி கிளம்பும், மேடேறும். நிற்பதற்கு அது உதவாது. எந்த வண்டியானாலும் பிரேக் நான்கு சக்கரத்திலும்தான் பிடிக்கிறது. வழுக்கும் தரையில் பிடிமானம் டயரிடம் இருந்தால்தான் உண்டு. சகதிக்கென்று செய்த மட் டெரெய்ன் டயரின் பட்டன்கள் பெரியவை, நடுவே அகலமான பள்ளங்கள். புதுப் பனியில் அவை நன்றாகக் கடிக்கும். ஆனால் வண்டிகள் ஏறி ஏறி அமுங்கிய பனியிலும், இரவில் உறைந்து கண்ணாடியாகிப்போன ஐஸிலும் அந்தப் பெரிய ரப்பர் கட்டிகளுக்குப் பிடிக்க ஓரங்களே இல்லை. அகலமான டயர் என்றால் எடை பரந்து விழும். ஐஸை அழுத்திப் பிடிக்கும் அழுத்தமும் குறையும். 35 × 12.50 டயர் பார்ப்பதற்கு எவ்வளவு மிரட்டலாக இருந்தாலும், ஐ-80 ஏறிக் கடக்கும் டானர் கணவாயில் காலை ஆறு மணி ஐஸில் ஒரு சாதாரண பனி டயர் அதைவிடப் பிடித்து நிற்கும்.

சட்டமும் உங்களை முழுதாக விட்டுவிடவில்லை. கலிஃபோர்னியாவின் சாலைத் துறையான கால்ட்ரான்ஸ், செயின் கட்டுப்பாட்டுக்கு மூன்று நிலைகள் வைத்திருக்கிறது. ஆர்-1, ஆர்-2 நிலைகளில் ஃபோர் வீல் வண்டிக்கு விலக்கு உண்டு. ஆனால் ஆர்-2-வில் அந்த விலக்கு வேண்டுமென்றால் நான்கு டயரும் பனிக்கு உரியவையாக இருக்க வேண்டும்: பக்கச் சுவரில் எம் பிளஸ் எஸ் (சகதிக்கும் பனிக்கும் என்று பொருள்) முத்திரை, குறைந்தது 32-இல் 6 பங்கு இஞ்ச் பட்டன் ஆழம். சில மட் டெரெய்ன் டயர்களில் அந்த முத்திரை இருக்கும், சிலவற்றில் இருக்காது. கிளம்புவதற்கு முன் உங்கள் டயரைக் குனிந்து பார்த்துக்கொள்ளுங்கள். ஆர்-3 வந்தால் யாருக்கும் விலக்கில்லை, எல்லா வண்டிக்கும் செயின். பெரும்பாலும் அதற்கு முன்னாலேயே சாலையை மூடிவிடுவார்கள். 2024 மார்ச் தொடக்கத்தில் வந்த பனிப்புயலில் ஐ-80-ஐ அப்படித்தான் மூடினார்கள்.

பலரும் கவனிக்காத வரி ஒன்று இருக்கிறது. விலக்கு பெற்ற ஃபோர் வீல் வண்டியும், செயின் கட்டுப்பாடு உள்ள பகுதிக்குள் செயினை உடன் வைத்திருக்க வேண்டும். அது உங்கள் டயருக்குப் பொருந்தும் செயினாக இருந்தால்தானே பயன்? பழைய 245 டயருக்கு வாங்கிய செயினை டிக்கியில் போட்டுக்கொண்டு 35 டயரில் மலையேறுவது, ஒன்றும் இல்லாமல் போவதற்குச் சமம்.

அளவு

டயரில் எழுதியிருக்கும் எண்ணிலிருந்து தொடங்குவோம். 315/70 ஆர்17 என்றால் அகலம் 315 மில்லிமீட்டர். பக்கச் சுவரின் உயரம் அதில் 70 சதவீதம், அதாவது 220.5. இதை இரண்டால் பெருக்கி, 17 இஞ்ச் ரிம்மின் 431.8 மில்லிமீட்டரைச் சேர்த்தால் சுமார் 873 மில்லிமீட்டர், 34.4 இஞ்ச். எல்லோரும் 35 என்று சொல்வது இதைத்தான். ரேங்ளரின் ரூபிகான் மாடலில் வழக்கமாக வரும் 285/70 ஆர்17 இதே கணக்கில் 32.7 இஞ்ச். விட்டத்தில் இரண்டு இஞ்ச்கூட வித்தியாசமில்லை என்று தோன்றும். செயின் சுற்றுவது சுற்றளவை. அதில் ஐந்து இஞ்சுக்கு மேல் வித்தியாசம் வந்துவிடுகிறது. 33-க்கான செயின் 35-இல் கொக்கிக்கே எட்டாது.

35 × 12.50 ஆர்17 என்று இஞ்சில் எழுதிய டயர் வேறு. அது 315-உடன் விட்டத்தில் கிட்டத்தட்ட ஒத்துப்போனாலும், அகலமும் தோள்பட்டையின் வடிவமும் மாறும். ஒரே எண் போட்ட இரண்டு கம்பெனி டயர்கள்கூட அசலில் ஒரே அளவில் இருப்பதில்லை. ஆகவே செயின் கம்பெனியின் அட்டவணையில் உங்கள் டயரின் எண் அப்படியே இருக்கிறதா என்று பாருங்கள். "ஏறக்குறைய" என்று கடைக்காரர் சொன்னால் வாங்காதீர்கள். மட் டெரெய்ன் போட்டிருந்தால் அதையும் அவரிடம் சொல்லுங்கள். பக்கச் சுவர் வரை இறங்கி வரும் தடித்த பட்டன்கள் இருப்பதால், அதே எண்ணுள்ள சாதாரண டயருக்குச் சரியாக உட்காரும் செயின் இதில் இறுகிப்போய் மாட்டாமல் நிற்கக்கூடும்.

இனி இடம். அமெரிக்காவில் செயின்களை டயரைச் சுற்றித் தேவைப்படும் இடைவெளியை வைத்து மூன்று வகுப்பாகப் பிரித்திருக்கிறார்கள். எஸ் வகுப்புக்கு டயரின் மேல்முகத்தில் 1.46 இஞ்சும் பக்கவாட்டில் 0.59 இஞ்சும் வேண்டும். யு வகுப்புக்கு 1.97-உம் 0.91-உம். டபிள்யூ வகுப்புக்கு 2.50-உம் 1.50-உம். 35 டயருக்கு வரும் கனமான செயின்கள் பெரும்பாலும் கடைசி வகையைச் சேர்ந்தவை. பக்கவாட்டில் ஒன்றரை இஞ்ச் என்பதை மனதில் வையுங்கள். அந்த அளவைத்தான் நாம் வண்டியில் தேடப்போகிறோம்.

நான் அளக்கும் முறை இது. ஒன்றரை இஞ்ச் தடிமனில் ஒரு மரத்துண்டு, இரண்டரை இஞ்சில் இன்னொன்று. ஒன்றரை இஞ்ச் துண்டை டயரின் உள்பக்கச் சுவரோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு, டயரைச் சுற்றி ஒரு வட்டம் போங்கள். பின்பக்கம் ஷாக், ஸ்பிரிங், சட்டம். முன்பக்கம் கன்ட்ரோல் ஆர்ம், ஸ்வே பார் இணைப்பு, பிரேக் ஹோஸ். துண்டு எங்கே சிக்குகிறதோ அங்கே செயினும் சிக்கும். அடுத்து பெரிய துண்டை டயரின் மேல்முகத்துக்கும் ஃபெண்டருக்கும் நடுவே வைத்துப் பாருங்கள்.

வண்டி சமதரையில் நிற்கும்போது எடுக்கும் அளவு பாதி உண்மைதான். ஒரு பக்கச் சக்கரத்தைச் சாய்வுப் பலகையில் ஏற்றி, சஸ்பென்ஷன் மடங்கிய நிலையில் மறுபடி அளங்கள். முன் டயர் என்றால் ஸ்டீயரிங்கை இடது கடைசி வரை ஒடித்து ஒரு முறை, வலது கடைசி வரை ஒடித்து ஒரு முறை. கம்பெனி ரிம்மிலேயே 12.50 அகல டயர் போட்டிருப்பவர்களுக்கு முழுதாக ஒடிக்கும்போது டயரே கீழ் கன்ட்ரோல் ஆர்மில் உரசியிருக்கும். அங்கே பெயின்ட் போய் பளபளவென்று ஒரு தேய்ந்த இடம் தெரியும். அப்படி ஒரு பளபளப்பு உங்கள் வண்டியில் இருந்தால் முன் டயருக்குச் செயின் பேச்சே வேண்டாம்.

இதற்குத் தீர்வுகள் உண்டு. டயரை வெளியே தள்ளி நிறுத்தும் ரிம் உள்பக்கம் இடம் கொடுக்கும். ஸ்டீயரிங் கடைசி வரை திரும்பாமல் தடுக்கும் ஸ்டாப்பில் வாஷர் சேர்க்கலாம். வண்டியை உயர்த்தும் லிஃப்ட் கிட் மேலே இடம் தரும். ஆனால் பக்கவாட்டில் ஒரு நூல் இடம்கூடத் தராது. "மூணு இஞ்ச் லிஃப்ட் இருக்கே" என்று சொல்பவர்கள் இதைத்தான் கவனிப்பதில்லை.

முன்னாலா, பின்னாலா?

நான்கிலும் போடுவதுதான் சரி. இரண்டு ஜோடி வாங்கப் பணம் இருந்து, முன்னால் இடமும் இருந்தால் இதில் யோசிக்க ஒன்றுமில்லை.

ஒரு ஜோடிதான் என்றால் முதலில் வண்டியின் கையேட்டைத் திறங்கள். ரேங்ளர் கையேடு பின் டயரைச் சொல்கிறது. முன்னால் மட்டும் போட்டால் ஸ்டீயரிங் நன்றாகப் பிடிக்கும், ஆனால் இறக்கத்தில் பிரேக் தொட்டதும் செயின் இல்லாத பின்பக்கம் வழுக்கிக்கொண்டு முன்னே வரப் பார்க்கும். பின்னால் மட்டும் போட்டால் வண்டி நேராக நிற்கும். வளைவில் முன்பக்கம் ஒடித்த பக்கம் திரும்பாமல் நேரே போகப் பார்க்கும். இரண்டுமே கெடுதல்தான். சாலையில் எனக்குப் பின்பக்கம்தான் சம்மதம். முன்பக்கம் வழுக்கினால் வேகத்தைக் குறைத்துச் சமாளிக்கலாம். பின்பக்கம் சுற்றிக்கொண்டு வந்தால் எதிரே வருபவருக்கும் ஆபத்து. காட்டுப் பாதையில் பனியை வெட்டிக்கொண்டு மெதுவாக ஏறும்போது முன்னால் போடுபவர்கள் உண்டு, அங்கே வேகம் நடை வேகம்தான் என்பதால் அதில் நியாயம் இருக்கிறது.

எந்த வகை

ஏணி மாதிரி இருபுறமும் நீளச் செயின், நடுவே குறுக்குச் செயின்கள் வரும் வகைதான் விலை குறைவு, முரட்டு வேலைக்கும் தாங்கும். இதில் பார்க்க வேண்டியது குறுக்குச் செயின்களுக்கு நடுவே உள்ள தூரம். பக்கச் செயினில் நான்கு கண்ணிக்கு ஒன்று என்று வருவதும், இரண்டு கண்ணிக்கு ஒன்று என்று வருவதும் உண்டு. பெரிய டயருக்கு இரண்டாவதையே வாங்குங்கள். நான்கு கண்ணி வகையில் ஒரு குறுக்குச் செயின் தரையை விட்டு அடுத்தது வரும் வரை வெறும் ரப்பர்தான் தரையில் இருக்கும், வண்டியும் தடதடவென்று அடிக்கும். இன்னொரு சிக்கலும் இருக்கிறது. மட் டெரெய்ன் டயரில் பட்டன்களுக்கு நடுவே உள்ள பள்ளம் அகலம் என்பதால், குறுக்குச் செயின் நேராக அந்தப் பள்ளத்துக்குள்ளேயே விழுந்து உட்கார்ந்துவிடும். வெளியிலிருந்து பார்த்தால் செயின் போட்ட டயர். தரையைத் தொடுவதோ ரப்பர் மட்டும். குறுக்குச் செயின்கள் நெருக்கமாக இருந்தால் எல்லாமே பள்ளத்தில் விழாது.

வைர வடிவில் பின்னிய செயின் இந்தத் தொல்லை இல்லாதது. குறுக்கே சாய்ந்து போவதால் பள்ளத்தில் விழாது, பக்கவாட்டில் வழுக்குவதையும் தடுக்கும், ஓட்டமும் மென்மை. விலை அதிகம், 35 அளவில் தேட வேண்டும். சரிவில் ஒரு பக்கமாகச் சாய்ந்து போகும் பாதைகள் உங்களுக்கு அதிகம் என்றால் அந்தப் பணத்தைக் கொடுக்கலாம். குறுக்குக் கண்ணிகளின் மேல் வி வடிவ இரும்பு பற்றவைத்த வகை ஐஸுக்கு ராஜா. தார்ச்சாலை தெரியும் இடத்தில் அதை ஓட்டினால் சாலைக்கும் கேடு, செயினுக்கும் கேடு.

ரிம்மின் ஓட்டை வழியாக நுழைத்துக் கட்டும் பட்டைகள் விற்கிறார்கள். பெரிய பிரேக் உள்ள வண்டியில் ரிம்முக்கும் காலிப்பருக்கும் நடுவே விரல்கூட நுழையாது, அந்தப் பட்டை அங்கே மாட்டிக்கொள்ளும். சிக்கிய வண்டியை நாலடி நகர்த்தலாம், பயணத்துக்கு ஆகாது.

டயரின் விளிம்பை வளையமும் போல்ட்டும் வைத்து இறுக்கிப் பிடிக்கும் பீட்லாக் ரிம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வெளி வளையத்தின் போல்ட் தலைகளில் பக்கச் செயின் உட்காரக் கூடாது. அது பட்டனுக்கும் ரிம்முக்கும் நடுவே, பக்கச் சுவரின் மேல்பாதியில் நிற்க வேண்டும். ரிம் வரை தொங்கினால் செயின் பெரியது என்று அர்த்தம். வால்வையும் பிடுங்கிக்கொண்டு போகும்.

வீட்டு வாசலில் ஒரு ஒத்திகை

வாங்கிய செயினைப் பெட்டியோடு டிக்கியில் வைத்துக்கொண்டு மலையேறாதீர்கள். வெயில் அடிக்கும் ஒரு சனிக்கிழமை, டிரைவ்வேயில், காய்ந்த தரையில் ஒருமுறை முழுதாக மாட்டிப் பாருங்கள். கொக்கி எட்டுகிறதா, எந்தக் கண்ணியில் மாட்டினால் இறுக்கம் சரியாக வருகிறது என்பதெல்லாம் இங்கேயே தெரிந்துவிடும். சரியான கண்ணி தெரிந்ததும் அதில் சிவப்பு பெயின்ட் ஒரு பொட்டு வைத்துவிடுங்கள். இரவில் பனியில் படுத்துக்கொண்டு கண்ணி எண்ண முடியாது.

மீதிக் கண்ணிகள் தொங்கினால் போல்ட் கட்டரால் வெட்டிவிடுங்கள். 35 டயர் சுற்றும்போது கைநீள வால் ஒன்று ஃபெண்டரையும் பிரேக் ஹோஸையும் சாட்டை மாதிரி அடிக்கும். ஆனால் வெட்டுவதற்கு முன் டிரைவ்வேயிலேயே வண்டியைச் சில அடி முன்னும் பின்னும் நகர்த்தி, மறுபடி இறுக்கி, அதற்குப் பிறகும் மிச்சமிருப்பதை மட்டும் வெட்டுங்கள். டயரின் தோளில் உள்ள பட்டன்களில் குறுக்குச் செயின் தொற்றிக்கொண்டு நிற்கும். கையால் இழுத்தால் இறுகிவிட்டது போலவே தெரியும். சக்கரம் ஒரு சுற்று சுற்றியதும் அது பட்டனைவிட்டு நழுவி உட்கார்ந்து, இரண்டு கண்ணி அளவுக்குத் தளர்ந்துவிடும்.

மாட்டியபடியே ஸ்டீயரிங்கை இருபக்கமும் ஒடித்து, வண்டியை ஊர்ந்து நகர்த்த வேறொருவரைச் சொல்லிவிட்டு, நீங்கள் தள்ளி நின்று கேளுங்கள். இரும்பில் இரும்பு படும் சத்தம் வந்தால் நிறுத்திக் கண்டுபிடியுங்கள். என் வீட்டில் இந்த வேலையில் ஓட்டுவது என் மனைவி. ஒவ்வொரு பருவத்துக்கும் முன்னால் கட்டாயம் செய்கிறோம்.

சாலையில் மாட்டுவது

கிளம்பும் முன் கால்ட்ரான்ஸின் இணைய வரைபடமான குயிக்மேப்பைப் பாருங்கள். கட்டுப்பாடு எங்கே தொடங்குகிறது என்று தெரியும். "செயின் கட்டாயம்" என்ற பலகைக்கும் சோதனைச் சாவடிக்கும் நடுவே வழக்கமாக ஒரு மைல் தூரம் இருக்கும். அந்த இடைவெளி செயின் போடுவதற்காகவே விடப்பட்டது. சாலையைவிட்டு முழுதாக ஒதுங்கி, அகலமான ஓரத்தில், சமமான இடத்தில் நிறுத்துங்கள். ஓடும் பாதையில் பாதி டயர் நீட்டிக்கொண்டிருக்க, அதன் பக்கத்தில் மண்டியிட்டுச் செயின் மாட்டும் குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன், வயிறு கலங்குகிறது. பின்னால் வருபவர் வழுக்கினால் ஓடவும் முடியாது. பளிச்சிடும் சட்டை போட்டுக்கொள்ளுங்கள், பிள்ளைகளைக் காரைவிட்டு இறக்காதீர்கள்.

முடியாது என்றால் கூலிக்குச் செயின் மாட்டுபவர்கள் அங்கே நிற்பார்கள். அவர்கள் கால்ட்ரான்ஸ் ஊழியர்கள் அல்ல, அனுமதி பெற்ற தனி ஆட்கள். அந்த அனுமதியின் எண் பேட்ஜில் இருக்கும், குறித்துக்கொள்ளுங்கள். அவர்கள் செயின் விற்கக் கூடாது. ஆகவே 35-க்கான செயினை அங்கே போய்த் தேடிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள்.

கையோடு இருக்க வேண்டியவை: தலையில் மாட்டும் டார்ச், ரப்பர் பூசிய கையுறை இரண்டு ஜோடி (ஒன்று நனைந்தே தீரும்), ஒரு தார்ப்பாய், முழங்காலுக்கு ஒரு பழைய கால்மிதி, கேம் (செயினை இறுக்கும் திருகு) திருகும் சாவி, மாற்றுக் கண்ணிகள், கட்டுக்கம்பி, ஒரு பிளேயர்.

பார்க்கிங் பிரேக் போட்டு, கியரைப் பார்க்கில் வையுங்கள். செயினைத் தார்ப்பாயில் நீளமாக விரித்து முறுக்கு எடுங்கள். கொக்கிகளின் வாய் டயரைப் பார்க்காமல் வெளியே பார்க்க வேண்டும். உள்ளே பார்த்தால் பக்கச் சுவரைக் கீறும். வி இரும்பு இருந்தால் அதுவும் வெளிமுகமாக. செயினைத் தூக்கி டயரின் மேல் போர்த்துங்கள். 35-க்கான செயின் கனம் அதிகம், ஃபெண்டருக்கும் டயருக்கும் நடுவே சந்து குறைவு. ஒரே ஆள் என்றால் உள்பக்கச் செயினை முதலில் டயருக்குப் பின்னால் தள்ளி, பிறகு வெளிப்பக்கத்தை இழுத்துச் சமப்படுத்துங்கள். முன் டயர் என்றால் ஸ்டீயரிங்கை ஒடித்து வைத்தால் உள்ளே கை போகும்.

டயர் அழுத்தி நிற்கும் இடத்தில் செயின் அடியில் போகாது. அந்த முனையைத் தரையில் நேராக விரித்துவிட்டு வண்டியைக் கால் சுற்று நகர்த்துங்கள். இப்போது இரண்டு முனையும் கைக்கு எட்டும் உயரத்துக்கு வரும். முதலில் உள்பக்கக் கொக்கி. இதற்குத்தான் தார்ப்பாயில் படுக்க வேண்டும், வேறு வழியில்லை. பெயின்ட் பொட்டு வைத்த கண்ணியில் மாட்டுங்கள். பிறகு வெளிப்பக்கம். அதன்பின் கேம்களை ஒன்றுவிட்டு ஒன்றாக, எதிரெதிராகத் திருகுங்கள்; ஒரு பக்கத்திலேயே திருகிக்கொண்டு போனால் செயின் ஒருபுறமாக இழுத்துக்கொள்ளும். கேம் இல்லாத செயினுக்கு ரப்பர் இழுவை போடலாம். அதன் கொக்கிகளும் வெளியே பார்க்கட்டும்.

செயின் இறுகவில்லை என்று டயரின் காற்றை இறக்கி மாட்டி, மறுபடி ஏற்றும் வழக்கம் சிலருக்கு உண்டு. செயின் செய்பவர்கள் வேண்டாம் என்கிறார்கள். எனக்கும் அதே கருத்து. செயின் அளவு சரியென்றால் அதற்குத் தேவையே வராது. பனிச்சரிவில் ஹை லிஃப்ட் ஜாக்கி போட்டு வண்டியைத் தூக்கி மாட்டுவதை நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள்.

கால் மைல் ஓட்டி, மறுபடி ஒதுங்கி, மறுபடி இறுக்குங்கள். கை விறைத்திருக்கும், பின்னால் உட்கார்ந்திருப்பவர்கள் "போலாமே" என்பார்கள். இறுக்கிவிட்டுத்தான் போக வேண்டும். அறுந்த செயின்களில் பெரும்பாலானவை தளர்ந்து ஆடி ஆடித்தான் அறுகின்றன.

செயின் கட்டுப்பாட்டில் வேகம் 25 அல்லது 30 மைல். இங்கே பெரிய டயர்க்காரர்களுக்கு ஒரு கணக்கு. 245/75 ஆர்17-உடன் வந்த ரேங்ளர் ஸ்போர்ட்டில் டயர் 31.5 இஞ்ச். அதில் 315/70 போட்டு, ஸ்பீடோமீட்டரைத் திருத்தாமல் விட்டால், முள் 30 காட்டும்போது வண்டி கிட்டத்தட்ட 33-இல் போகிறது. செயினுக்கு அந்த மூன்று மைல் பெரிது. முள் 27-க்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். டிரான்ஸ்ஃபர் கேஸ் ஃபோர் ஹையில் (நான்கு சக்கரமும் இழுக்கும் சாலை நிலை) இருக்கட்டும். சாலை காய்ந்து தார் தெரியத் தொடங்கியதும் டூ வீலுக்கு மாற்றி, ஒதுங்க இடம் வந்தவுடன் செயினைக் கழற்றிவிடுங்கள். ஜன்னலைச் சற்றே இறக்கி வைத்து ஓட்டினால் செயினின் சத்தம் காதுக்குப் பழகும். சீரான சலசலப்பு இருக்கும் வரை நல்லது. நடுவே "டப், டப்" என்று ஒரு தனி அடி கேட்டால் ஒரு கண்ணி விட்டுவிட்டது, நின்று பாருங்கள்.

சாலையைவிட்டு இறங்கினால்

ரூபிகான் டிரெயில் மாதிரிப் பாதைகள் குளிர்காலத்திலும் திறந்தே இருக்கின்றன. தேசிய வனப் பாதைகள் பலவற்றை அந்தப் பருவத்தில் மூடிவிடுவார்கள், வனத்துறையின் வரைபடத்தைப் பார்த்துவிட்டுப் போங்கள். ஸ்னோமொபைலுக்காகச் சமன் செய்த பாதையில் ஜீப்பை இறக்கிக் குழி பறிக்காதீர்கள்.

ஆழமான பனியில் செயின் எப்போதும் உதவி என்று நினைப்பது தவறு. செயின் தோண்டும். அடியில் கெட்டியான தரையோ அமுங்கிய பனியோ இருந்தால், தோண்டிப் போய் அதைப் பிடித்துக்கொள்ளும். மூன்றடி புதுப் பனியில் அடியில் பிடிக்க ஒன்றுமில்லை. ஆக்ஸில் பனியில் உட்காரும் வரை தோண்டிக்கொண்டே போகும். அந்த மாதிரிப் பனியில் செயினைக் கழற்றிவிட்டு, 35 டயரின் காற்றை 10 பி.எஸ்.ஐ பக்கம் இறக்கி, மிதந்து போவதுதான் வழி. பெரிய டயர் போட்டதன் பலனே அதுதான். காற்று இறக்கிய டயரில் செயின் போட்டால் தளர்ந்து கழன்றுவிடும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

சியராவின் பனி ஈரமும் கனமும் கொண்டது. சியரா சிமெண்ட் என்பார்கள். செயின் அதை வாரி எடுத்து ஃபெண்டருக்குள் அடைக்கும், அது அங்கே இறுகி உறையும். ஒரு மணி நேரத்தில் நீங்கள் அளந்து வைத்த இரண்டரை இஞ்ச் காணாமல் போய், ஸ்டீயரிங் பாதியில் நிற்கும். அவ்வப்போது இறங்கி ஒரு கட்டையால் தட்டிவிடுங்கள். இரும்புக் கடப்பாரை வேண்டாம், ஒயர் இருக்கிறது.

ஆக்ஸிலுக்கும் கொஞ்சம் இரக்கம் காட்டுங்கள். கனமான டயர், அதன் மேல் செயின், இரண்டு பக்கச் சக்கரத்தையும் சேர்த்துச் சுற்றவைக்கும் லாக்கரும் போட்டாகிவிட்டது. ஐஸில் சக்கரம் வேகமாகச் சுற்றிக்கொண்டிருக்கும்போது செயின் திடீரென்று ஒரு பாறையைப் பிடித்தால், அந்த முழு வேகமும் ஆக்ஸில் ஷாஃப்டிலும் யு-ஜாயின்ட்டிலும் இறங்கும். முன்னால் டானா 30 என்ற மெலிந்த ஆக்ஸில் உள்ள ரேங்ளர்களில் இதை இன்னும் பயத்தோடு பார்க்க வேண்டும். ஃபோர் லோ, இரண்டாம் கியர், மெதுவான கால். சக்கரம் சும்மா சுற்றத் தொடங்கினால் உடனே காலை எடுங்கள், பின்னால் வந்து வேறு தடத்தில் முயலுங்கள். பக்கவாட்டுச் சரிவில் லாக்கரை எடுத்துவிடுங்கள். இரண்டு சக்கரமும் சேர்ந்து வழுக்கினால் வண்டி கீழ்ப்பக்கம் நழுவும்.

வீடு வந்த பிறகு

சாலையில் தூவிய உப்பும் மணலும் செயினில் ஒட்டியிருக்கும். வெந்நீர் ஊற்றிக் கழுவி, கராஜில் ஆணியில் தொங்கவிட்டு நன்றாகக் காயவிடுங்கள். ஈரத்தோடு பையில் போட்டால் துரு பிடித்து, அடுத்த முறை கேம் திரும்பாது. காய்ந்ததும் கேம்களுக்கும் கொக்கிகளுக்கும் கொஞ்சம் எண்ணெய். தொங்கும்போதே குறுக்குக் கண்ணிகளை ஒவ்வொன்றாக விரலில் உருட்டிப் பாருங்கள். தரையில் படும் முகம் தட்டையாகத் தேய்ந்து, தடிமன் பாதியாகிவிட்டால் அந்தக் குறுக்குச் செயினை மாற்ற வேண்டும். வண்டிக்கு அடியிலும் டார்ச் அடித்து பிரேக் ஹோஸ், ஏபிஎஸ் ஒயர், ஃபெண்டரின் உள்முகம் எல்லாவற்றிலும் புதிய கீறல் உண்டா என்று பாருங்கள். கீறல் தெரிந்தால், அடுத்த முறை அதே செயினைத் தூக்குவதற்கு முன், அந்த மரத்துண்டுகளை எடுத்துக்கொண்டு அந்த இடத்தை மறுபடி அளங்கள்.